மலிவுக் கைப்பேசியும் அதன் சாவியும்

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இந்தியச் சந்தைக்கு வந்த ஷாவ்மி ரெட்மி நோட் 4 என்னும் கைப்பேசியை, 9,999 ரூபாயில் தொடங்கிய அதன் விலைக்காகவும், 4,100 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்காகவும், அதிகம் சூடேறாத ஸ்னாப்டிராகன் 625 சிப்புக்காகவும் விரும்பி வாங்கியவர்கள் நம் தேசத்தில் லட்சக்கணக்கானவர்கள். ஆண்ட்ராய்டு 6 என்ற பதிப்போடு கடைக்கு வந்த அந்தக் கருவி, கம்பெனியாரின் தயவினால் ஆண்ட்ராய்டு 7 வரையில் ஏறிற்று. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. மேல்தோற்றத்திற்கு மட்டும் சில காலம் புதிய பெயர்களும் புதிய வர்ணங்களும் வந்துகொண்டிருந்தனவேயன்றி அடித்தளம் அசையவில்லை. ஆனால் ‘மிடோ’ என்ற சங்கேதப் பெயரால் அதை அறிந்திருந்த ஒரு கூட்டத்தார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத தொண்டர்கள், சம்பளம் ஏதுமின்றி அதே கருவியில் ஆண்ட்ராய்டு 8, 9, 10, 11 என்று பதிப்புக்கு மேல் பதிப்பாக ஓடவைத்துக் காட்டினார்கள். இது எவ்வாறு சாத்தியமாயிற்று, அந்தச் சாத்தியம் இன்று ஏன் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது, இதில் கம்பெனிகள் சொல்லும் நியாயம் எவ்வளவு, காசு கொடுத்து வாங்கியவனுக்குள்ள நியாயம் எவ்வளவு என்பவற்றை நின்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

ஆண்ட்ராய்டு என்பது இரண்டு பகுதிகள் கொண்டது என்று வைத்துக்கொண்டால் இந்த விசாரணைக்குப் போதும். கூகுள் ஸ்தாபனத்தார் மூலநிரலோடு உலகத்தாருக்கு வெளியிடும் பொதுப் பகுதி ஒன்று. சிப் செய்தவரும் கருவி செய்தவரும் தத்தம் பங்குக்குச் சேர்க்கும் தனிப் பகுதி மற்றொன்று. கேமரா படம் பிடிப்பதும், மோடம் கோபுரத்தோடு பேசுவதும், விரல்ரேகை அடையாளம் காணப்படுவதும் இந்தத் தனிப் பகுதியின் காரியங்கள். அதிலுள்ள கோப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு மூலநிரல் வெளியே கிடைப்பதில்லை. கஸ்டம் ரோம் என்னும் மாற்று இயங்குதளத்தை ஆக்குகிறவர்கள் பொதுப் பகுதியின் புதிய பதிப்பை எடுத்து, பழைய கருவியிலிருந்து உருவி எடுத்த இந்த மூடுகோப்புகளோடு அதை இசையவைக்கிறார்கள். இசையவைப்பது என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டேனாயினும், 2016இல் ஒரு கெர்னலுக்காக, அதாவது இயங்குதளத்தின் அடியிலுள்ள கரு நிரலுக்காக, எழுதப்பட்டு அத்தோடு கைவிடப்பட்ட கேமரா டிரைவரை நான்கு வருஷம் பிந்திய இயங்குதளத்தின் கீழ் வேலை செய்ய வைப்பதென்பது, எழுதியவர் இல்லாத இடத்தில் அவருடைய எண்ணத்தை ஊகித்து ஊகித்துச் செய்யவேண்டிய காரியமாகும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ‘டிரெபிள்’ என்ற ஏற்பாட்டின் மூலம் கூகுள் இவ்விரண்டு பகுதிகளுக்கும் நடுவே தெளிவான எல்லை வகுத்ததனால், ஒரே பொதுப் பிரதியைப் பல கருவிகளில் ஏற்றிப் பார்க்கும் ஜிஎஸ்ஐ என்ற முறை பிறந்து, யாரும் தனியாகக் கவனிக்காத அற்ப விலைக் கருவிகளுக்குங்கூட ஒரு கதிமோட்சம் கிடைத்தது.

ஆனால் ஆக்கிவைத்த ரோமை ஏற்றவேண்டுமானால் கருவி அதை ஏற்றுக்கொள்ளவேண்டுமே! பூட்டு என்பது அங்கேதான் வருகிறது.

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது ஆண்ட்ராய்டு அன்று; தொழிற்சாலையில் சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டு, பின்னர் பதித்தவராலுங்கூடத் திருத்த முடியாத பூட் ரோம் என்னும் சிறு நிரல்தான் அது. அந்தச் சிப்பிலேயே நுண்ணிய ஃபியூஸ்களை எரித்துக் கம்பெனியின் சாவிக்குரிய அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பூட் ரோம் அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு அடுத்து வரும் பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. கெர்னலோ, இயங்குதளம் உறையும் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டே போகிறது. இந்தக் கடைசிச் சோதனை ஆண்ட்ராய்டு 4.4இல் அறிமுகமாகி, ஆண்ட்ராய்டு 7இல் கண்டிப்பாக்கப்பட்டது. பூட்லோடரை அன்லாக் செய்வதென்றால், கையொப்பம் யாருடையதாயினும் பொறுத்துக்கொள் என்று அந்த இடைக்காவலனுக்கு உத்தரவிடுவதே. உத்தரவு செல்லும்படியாகக் கம்பெனியார் முன்கூட்டியே நிரல் எழுதி வைத்திருந்தாலன்றி அது செல்லாது. ஆகவே, சாமர்த்தியசாலிகள் பூட்டை உடைப்பதாக ஊரில் பேசிக்கொண்டாலும், பெரும்பாலான கருவிகளில் நடப்பது உடைப்பே அன்று. கம்பெனி வைத்துவிட்டுப் போன ஒரு கதவு திறக்கப்படுகிறது, அவ்வளவுதான். கதவு வைக்காத கம்பெனியின் கருவியில் எந்தச் சாமர்த்தியமும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இந்த இயக்கத்தின் ஆரம்பம் மட்டும் உண்மையிலேயே ஒரு பிழையினால் விளைந்தது. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியான ஹெச்டிசி டிரீமில், அதன் கீபோர்டில் எதைத் தட்டினாலும் அந்த எழுத்துகள் திரையில் தோன்றுவதோடு நில்லாமல், முழு அதிகாரம் படைத்த ஒரு மறைவான கட்டளைச் சாளரத்திற்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. செய்தியெழுதும்போது ‘ரீபூட்’ என்ற வார்த்தையைத் தட்டியவுடன் கைப்பேசி அணைந்து மறுபடி எழுந்துகொண்டதைக் கண்டபோது அந்தப் பிழை வெளிச்சத்துக்கு வந்தது. கூகுள் உடனே திருத்தம் அனுப்பியது. ஆனால் திருத்தம் வருவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டவர்கள் தாங்கள் மாற்றிய பதிப்புகளை ஒருவருக்கொருவர் வழங்கத் தலைப்பட்டார்கள். அவ்வாறு வழங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் காண்டிக் ஆரம்பித்த சயனோஜன்மாட் என்பதே பிற்காலத்துக் கஸ்டம் ரோம்களுள் பெரும்பாலானவற்றிற்கு மூதாதை. 2009 செப்டம்பரில், தன் சொந்தச் செயலிகளைச் சேர்த்து வழங்கக் கூடாதென்று கூகுள் அவருக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியபோது இம்முயற்சி அத்துடன் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை, ரோம் வேறு, கூகுளின் செயலிகள் வேறு என்று இரண்டு பொட்டலங்களாகப் பிரித்து வைக்கும் சம்பிரதாயந்தான் பிறந்தது. இன்றுவரை ‘ஜிஆப்ஸ்’ என்ற பெயரில் அது தனியாகவே ஏற்றப்பட்டு வருகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்நாளைய ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. ஆபரா மினியின் உள்ளே ஒளிந்திருந்த ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைச் சர்வரிலேயே படமாக்கி வரவழைத்துத்தான் பலர் தமிழ்ச் செய்திகளைப் படித்தார்கள். அதற்கு மேலும் பொறுமையில்லாதவர்கள் கைப்பேசியை ரூட் செய்து, அதாவது அதன் மீது முழு அதிகாரம் பெற்று, சிஸ்டம் பகுதியிலுள்ள எழுத்துருக் கோப்புறைக்குள் தமிழ் எழுத்துருவைத் தாமே நகலெடுத்து வைத்தார்கள். தன் தாய்மொழியைத் தன் கைப்பேசியில் வாசிப்பதற்காக அதன் பூட்டைத் திறக்கவேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பக்கூட மாட்டார்கள். கைப்பேசிக்குள் தன்னிஷ்டப்படி கைவைப்பது வேலையற்றவர்களின் வீண் விளையாட்டு என்று எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

சயனோஜன்மாடுக்குப் பணம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல் அது கம்பெனியாயிற்று. 2014இல் ஒன்பிளஸ் ஒன் என்னும் கருவியில் ஏறி உலகைச் சுற்றிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு மட்டும் தனி உரிமையை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்துவிட்டதனால், டெல்லி உயர்நீதிமன்றம் ஒன்பிளஸின் விற்பனைக்குத் தடை விதிப்பதும், மேலமர்வு சில நாட்களில் அந்தத் தடையை நீக்குவதுமாக வழக்கு நடந்தது. மைக்ரோமேக்ஸின் ‘யூ யுரேகா’ 8,999 ரூபாய்க்கு இந்தத் தொண்டர் மென்பொருளைக் கம்பெனி முத்திரையோடு நம் கையில் தந்தது. இரண்டு வருஷங்கூட நிலைக்கவில்லை. 2016 டிசம்பர் கடைசியில் சயனோஜன் கம்பெனி தன் சேவைகளை நிறுத்தியது. மூலநிரல் பொதுவில் இருந்தபடியால் தொண்டர்கள் அதை எடுத்துக்கொண்டு லீனியேஜ்ஓஎஸ் என்று பெயரிட்டு அன்று தொட்டு இன்றுவரை நடத்தி வருகிறார்கள். முதலாளிகளின் பணம் வற்றியபோது சாகாமல் இருந்தது எதுவோ, அதுவே இதில் வாஸ்தவமான சொத்து.

இனி, பூட்டைத் திறக்கும் காரியம் கையளவில் எப்படியிருக்கிறது என்று பார்ப்போம். செட்டிங்ஸுக்குள் போய்ப் பில்டு எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதி திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங் என்பதை இயக்கவேண்டும். பழைய ஷாவ்மிக் கருவியாயின் கம்பெனியின் கணக்கொன்றைத் தொடங்கி அதைக் கருவியோடு பிணைக்கவேண்டும். பவரையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், தொப்பி வைத்த முயல் ஒன்று ஆண்ட்ராய்டுப் பொம்மையைப் பழுது பார்க்கும் சித்திரத்தோடு ஃபாஸ்ட்பூட் திரை வரும். கணினியில் அன்லாக் நிரலை ஓட்டினால், தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை போய், 168 மணி நேரம் கழித்து முயலும்படி அறிவித்து நின்றுவிடும். ஏழு நாள் காத்திருப்பு! அந்த இடைவெளியில் ஒருவனுக்கு வைராக்கியம் தணிந்துவிடக்கூடும் என்பது கம்பெனியாரின் கணக்கோ என்னவோ. எட்டாம் நாள் பூட்டுத் திறக்கும். திறந்த அந்தக் கணமே கருவியிலுள்ள படங்கள், செய்திகள், தொடர்புகள் யாவும் அழிந்துபோகும். திருடன் கையில் கிடைத்த கருவியைத் திறந்து பிறருடைய அந்தரங்கத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை.

பிறகு டிடபிள்யூஆர்பி போன்ற ரெக்கவரி நிரல் ஒன்றை ஃப்ளாஷ் செய்து, அதாவது கருவியில் பதித்து, அதன் வழியே முதல் காரியமாக ஈஎஃப்எஸ் என்ற பகுதிக்குப் பேக்கப் எடுத்துவைப்பது விவேகிகளின் வழக்கம். ஐஎம்இஐ எண் அங்கேதான் இருக்கிறது, அது அழிந்தால் சிம் போட்டும் நெட்வொர்க் வராது. அவசரக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பிறகு பேக்கப் தரும்படி பிறரிடம் கெஞ்சுவார்கள். பிறருடைய பேக்கப் உதவாது, ஏனெனில் எண் கருவிக்குக் கருவி வேறு. அப்பால் பழைய பகுதிகளைத் துடைத்து, ரோமின் ஸிப் கோப்பை ஏற்றி, ஜிஆப்ஸை ஏற்றி, ரீபூட் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். முதல் பூட் சில நிமிஷங்கள் எடுக்கும். அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு நீளமானவை என்பதை உட்கார்ந்து பார்த்தவர்களே அறிவார்கள். எல்லாம் சுபமாக முடிந்தாலும், ஒவ்வொரு முறை எழும்போதும் பூட்டுத் திறந்திருக்கிறது என்று எச்சரித்துவிட்டே கருவி எழும்.

சுபமாக முடியாதவையும் உண்டு. 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோ கருவிக்கு வந்த ஒரு புதிய பதிப்பில் ஆன்ட்டி ரோல்பேக் என்ற ஏற்பாடு சத்தமில்லாமல் நுழைந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்ற கருவி அதனால் விழித்தெழாமல் பிரிக் ஆகிவிட்டது. அதை எழுப்பக் குவால்காம் சிப்புகளில் உள்ள ஈடிஎல் என்ற அவசர வாசல் உண்டென்றாலும், அந்த வாசலுக்கும் கம்பெனி அங்கீகரித்த கணக்கு வேண்டும். ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றி உள்ளே புகும் திருடனைத் தடுப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்பது உண்மை. முன்னெச்சரிக்கை போதாமல் அதில் மாட்டிக்கொண்டவர்கள் திருடர்கள் அல்லர் என்பதும் உண்மை.

கம்பெனிகள் பூட்டுவதற்குச் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிடுவது சுலபம். ஆயினும் அவற்றுள் சில கனமானவை. 2016 ஜனவரியில் ஷாவ்மி தன் கருவிகளைப் பூட்டத் தொடங்கியபோது, இடைத்தரகர்கள் கருவிகளைப் பிரித்து விளம்பரங்களும் வேவு நிரல்களும் கலந்த போலி ரோம்களை ஏற்றி விற்கிறார்கள் என்று காரணம் காட்டியது. அது கற்பனையன்று. சீனத்திலிருந்து இறக்குமதியான மலிவுக் கருவிகளில் அத்தகைய ரோம்கள் இருந்தது பலரும் கண்ட விஷயம். தவிரவும், பூட்டற்ற கருவி தொலைந்துபோனால் அதை எடுத்தவன் துடைத்துவிட்டு விற்பது எளிது. ஆனால் இதே கம்பெனிகள் செட்டிங்ஸுக்குள்ளேயே விளம்பரம் வைத்ததையும், நீக்க முடியாத செயலிகளைத் திணித்ததையும், பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் குறைந்த இடத்தில் ஒரு பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியதையும் நாம் கண்டோம். கருவியின் விலையைக் குறைத்ததே இந்த வருமானம்தான் என்பதையும் கூடவே ஒத்துக்கொள்ளவேண்டும். பூட்டுத் திறந்தால் அந்த வருமானமும் போகிறது; வெளியே சொல்லாத காரணங்களுள் இது ஒன்றென்று நான் கருதுகிறேன்.

எப்படியாயினும் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருவது கண்கூடு. ஹுவாவே 2018இல் அன்லாக் குறியீடு கொடுப்பதை நிறுத்தியது. ஷாவ்மியில் ஒரு கணக்குக்கு வருஷத்திற்கு ஒரே கருவி என்ற வரம்பு 2025இல் வந்தது. சாம்சங் அதே ஆண்டில் ஒன் யூஐ 8 பதிப்போடு அந்த ஓஇஎம் அன்லாக்கிங் வசதியையே எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, அன்லாக் செய்த சாம்சங்கில் வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்னும் ஃபியூஸ் எரிந்து, பிறகு பழையபடி பூட்டினாலும் சில சேவைகள் என்றைக்கும் திரும்பாத நிலை இருந்தது. மோட்டோரோலா இன்னும் பல கருவிகளுக்குக் குறியீடு கொடுக்கிறது. கூகுளின் பிக்ஸல் தாராளமாகத் திறக்கிறது என்றாலும் அதை மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விவோவில் அதிகாரபூர்வமான வழியே கிடையாது. ஆகக் கருவியின் விலை குறையக் குறைய, வாங்கியவனுடைய அதிகாரமும் பொதுவாகக் குறைகிறது என்பதே நிலவரம். வீட்டை விற்றுப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டின் சாவியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் விற்பனைக்காரரை நாம் ஊரில் பொறுத்துக்கொள்வோமா?

மீடியாடெக் சிப்புள்ள கருவிகள் தனிக் கதை. மிகக் குறைந்த விலைக் கருவிகளில் பரவலாக அமைவது அந்தச் சிப்பு. மூலநிரல் வெளியீட்டில் நீண்ட காலம் பின்தங்கியிருந்ததும் அதைக் கொண்ட கருவிகளே. ஆதலால் கஸ்டம் ரோம் மிகவும் தேவைப்பட்ட ஏழைக் கருவிகளுக்கு அது மிகக் குறைவாகவே கிடைத்தது. பின்னர் அச்சிப்புகள் பலவற்றின் பூட் ரோமிலேயே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பூட் ரோம் திருத்த முடியாதது என்றேன் அல்லவா. விற்றுத் தீர்ந்த கருவிகள் யாவற்றிலும் அந்தப் பிழை சாசுவதமாக நிலைத்து, கம்பெனி அனுமதியின்றியே பூட்டைத் திறக்கும் வழியாயிற்று. செத்த கருவிகளை எழுப்பப் பழுதுகடைக்காரர்களுக்கு அது எவ்வளவு உபகாரமோ, களவுக் கைப்பேசி வியாபாரிகளுக்கும் அவ்வளவு உபகாரம்.

தொண்டர்களின் வேலையில் குறையே இல்லை என்று எழுதினால் அது ஆய்வாகாது. நம் நாட்டில் அது எங்கே இடறும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. குரல் அழைப்பு முழுவதும் வோல்ட்இ என்னும் முறையில் 4ஜி மீதே செல்லவேண்டும். அந்த வோல்ட்இயை நடத்தும் கோப்புகள் தனிப் பகுதியைச் சேர்ந்தவை. அவை சரியாகப் பொருந்தாத ரோமில் இன்டர்நெட் ஓடும், வீடியோ ஓடும், ஆனால் அம்மாவுக்குப் போன் செய்ய முடியாது. இவ்வாறே கேமராவின் தெளிவு குறைவதும், படங்களை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைனின் தரம் கீழே இறங்கிச் சினிமாச் செயலிகள் மங்கலான படத்தையே காட்டுவதும் பல கருவிகளில் நேர்கின்றன.

பத்திரம் என்ற அம்சத்தில் இரண்டு தரப்பாரும் மிகைப்படுத்துகிறார்கள். கம்பெனி கைவிட்ட கருவிக்குத் தொண்டர்கள் மாதந்தோறும் பொதுப் பகுதியின் ஓட்டைகளை அடைத்துத் தருவது மெய்யான நன்மை. 2015இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியானபோது ஒரே ஒரு எம்எம்எஸ் செய்தியால் கருவி கைமாறக்கூடும் என்ற பீதி எழுந்ததையும், பல கம்பெனிகளின் பழைய கருவிகளுக்குத் திருத்தம் வரவே இல்லை என்பதையும் நினைத்துப் பார்த்தால் அந்த நன்மையின் அளவு புரியும். ஆனால் மோடத்தின் மென்பொருளும் சிப்பின் மென்பொருளும் கம்பெனி விட்ட இடத்திலேயே நிற்கின்றன. லீனியேஜ்ஓஎஸ் இதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, பொதுப் பகுதியின் பாதுகாப்புத் தேதியையும் தனிப் பகுதியின் தேதியையும் வெவ்வேறாகவே காட்டுகிறது. எத்தனையோ ரோம்கள் முதல் தேதியை மட்டும் பெருமையாகக் காட்டிக்கொள்கின்றன. உலகத்தார் எல்லோரிடமும் உள்ள சோதனைச் சாவியால் கையொப்பமிட்டும், எஸ்இலினக்ஸ் காவலைத் தளர்த்தியும் வெளியாகும் ரோம்கள் பல. பராமரிக்கிறவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர். வேலை கிடைத்ததும், அல்லது அந்தக் கருவியே உடைந்ததும், ரோமும் நின்றுபோகும். அதற்காக அவரைக் குறை கூற யாருக்கும் யோக்கியதை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வியில் ஒரு பழைய முடிவு கவனிக்கத் தக்கது. ஆண்ட்ராய்டின் அடியிலுள்ள லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வழங்குவது. அதன்படி கருவியை விற்பவர் கெர்னலின் மூலநிரலைக் கொடுத்தே ஆகவேண்டும்; பல கம்பெனிகள் தாமதித்தும் அரைகுறையாகவும் கொடுப்பது வேறு விஷயம். ஆனால் மூலநிரலைக் கொடுத்துவிட்டு, திருத்திய கெர்னலைக் கருவி ஏற்காதபடி பூட்டிவைத்தால்? டிவோ என்ற டெலிவிஷன் பதிவுக்கருவி அமெரிக்காவில் அப்படித்தான் செய்தது. அதைத் தடுக்கவே 2007 ஜூனில் வெளிவந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகக் கருவிகளில் திருத்திய மென்பொருளை நிறுவத் தேவையான தகவலையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று விதித்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விதியை விரும்பாமல் கெர்னலை இரண்டாம் பதிப்பிலேயே நிறுத்திக்கொண்டார். முதல் ஆண்ட்ராய்டுக் கருவி வந்தது அடுத்த ஆண்டு. கெர்னல் அன்று மூன்றாம் பதிப்புக்கு மாறியிருந்தால் இன்றைய பூட்டுகள் இருந்திரா என்பார்கள் சிலர். கம்பெனிகள் லினக்ஸையே தொட்டிருக்க மாட்டா என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது அபிப்பிராயமே எனக்குச் சரியாகப் படுகிறது. தேசச் சட்டங்களில், அமெரிக்கா 2010இலிருந்து கைப்பேசியைத் திறப்பதற்கு விலக்கு அளித்து, மூன்றாண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்து வருகிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. தன் கருவியில் பொது மென்பொருளை ஏற்றிக்கொள்பவருக்கு அந்த எண்ணம் இருப்பதாக வாதிடுவது கடினம்.

எனவே சட்டம் தடுக்கவில்லை, கைத்திறமைக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் இவ்வியக்கம் மெலிந்து வருவதன் பிரதான காரணம் கைப்பேசிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. கருவி பூட்டியிருக்கிறதா, கையொப்பம் கம்பெனியுடையதா என்று கூகுளின் சர்வரைக் கேட்டு அறிந்துகொள்ளும் வசதி செயலிகளுக்கு முதலில் சேஃப்டிநெட் என்ற பெயரிலும், பிறகு பிளே இன்டெக்ரிட்டி என்ற பெயரிலும் கிடைத்தது. பாங்குச் செயலிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் அதைக் கேட்கத் தொடங்கின. 2016இல் ஜான் வூ ஆக்கிய மேஜிஸ்க் என்ற கருவியின் உதவியால் வெகு காலம் பலர் அந்தக் கேள்வியை ஏமாற்றி வந்தார்கள். இப்போது கேள்விக்கு விடை சொல்வது சிப்பிலுள்ள பாதுகாப்புப் பகுதியே. ஆண்ட்ராய்டு 13உம் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் ஓடும் கருவிகளில் 2025 மே முதல் அந்தச் சாட்சியம் கட்டாயமாயிற்று. காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் யுபிஐ வழியே காசு கொடுக்கும் தேசத்தில், பணம் அனுப்ப முடியாத கைப்பேசியை எத்தனை பேர் சுமந்து திரிவார்கள்? இதிலுள்ள விபரீதம் என்னவென்றால், திருத்தம் நின்று ஐந்து வருஷமாகி ஓட்டைகள் மலிந்த கம்பெனி மென்பொருள் ‘நம்பத் தக்கது’ என்று பாங்கினால் ஏற்கப்படுகிறது. போன மாதம்வரை ஓட்டை அடைத்த தொண்டர் மென்பொருளோ ‘நம்பத் தகாதது’ என்று தள்ளப்படுகிறது. சோதனை பார்ப்பது பாதுகாப்பை அன்று, முத்திரையை. பாங்குகளின் கவலை நியாயமானதே. ஆனால் அவர்கள் பொருத்திய அளவுகோல் அந்தக் கவலைக்கு உரியதன்று என்பதே என் தீர்ப்பு.

மறுபக்கத்தில் நிலைமை சற்றுச் சீரடைந்தும் இருக்கிறது. 2024இல் வந்த கேலக்ஸி ஏ16 போன்ற நடுத்தர விலைக் கருவிக்கே சாம்சங் ஆறு வருஷத் திருத்தம் தருவதாக வாக்களித்தது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் திருத்தம் கிடைக்கவேண்டும் என்கின்றன. கம்பெனியே நெடுங்காலம் காப்பாற்றுமானால் சாதாரண ஜனங்களுக்குக் கஸ்டம் ரோம் தேவைப்படாது. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் ஆறு வருஷமும் ஒரு நாள் முடியும். ஆகையால் வேண்டுவது எப்போதும் திறந்த பூட்டு அன்று. திருத்தம் நிறுத்துகிற நாளில் கம்பெனி அந்தக் கருவிக்குரிய அன்லாக் வழியைக் கணக்கும் காத்திருப்பும் இன்றிப் பொதுவில் விட்டுவிடவேண்டும் என்ற ஒரே விதி. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகள் கூட்டிச் சேர்க்கப்படும் இந்நாட்டில், அப்படியொரு நிபந்தனை விதிக்கும் சக்தி நம் அரசாங்கத்திற்கு இல்லை என்று சொல்ல முடியாது.

அதுவரை, இதில் இறங்க விரும்பும் வாசகர் பாங்குச் செயலி வைத்திருக்கும் ஒரே கைப்பேசியில் கை வைக்க வேண்டாம். வாரண்டி முடிந்த இரண்டாவது கருவியில் ஆரம்பியுங்கள். ஈஎஃப்எஸ் பேக்கப் எடுக்காமல் எதையும் துடைக்காதீர்கள். ரோமை ஆக்கியவர் வோல்ட்இ பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துவிட்டு ஏற்றுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கேமராவையும் பேட்டரியையும் விசாரிப்பதோடு, இந்த மாடலின் பூட்லோடரைத் திறக்கக் கம்பெனி அனுமதிக்கிறதா, எத்தனை வருஷம் திருத்தம் எழுத்துமூலம் வாக்களித்திருக்கிறது என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரருக்குப் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை தெரியாது. வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதில் பயனும் கிடையாது.